பூ மடித்து வந்த பேப்பர்

அண்ணாச்சி, அந்தப் பேப்பரு இன்னைக்குள்ளதுதானா? ஐயோ, வேண்டாம் வேண்டாம், நீங்களே வச்சிருங்க. ஒங்க மடியிலயே இருக்கட்டும். சும்மாதான் கேட்டேன். வடசேரி பஸ் ஸ்டாண்டுல நீங்க அதை வாங்குறதைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நானும் இறங்கி ஒண்ணு வாங்கியிருக்கலாம், கடை எதுத்தாப்புலதான் இருந்துது. முழங்கால் வலி. இறங்கி ஏறணும்லா. அதான் விட்டுட்டேன்.

சன்னலைக் கொஞ்சம் சாத்திக்கிடுதேன். தோவாளை வந்துட்டுல்லா, பூ வாசம் அடிக்கி. முன்னாலெல்லாம் இந்த இடத்துல மூச்சை நல்லா இழுத்து விடுவேன். இப்ப அந்த வாசமே ஆக மாட்டேங்கு. ஏன்னு சொல்லுதேன். சொன்னாத்தான் இந்த ஆளு ஏன் நம்ம பேப்பரையே முறைச்சுப் பாக்கான்னு ஒங்களுக்குப் புரியும்.

நாங்க சிங்கப்பூர் போய்ட்டு வாறோம். காலையில திருவனந்தபுரத்துல வந்து இறங்கினோம். அதோ, டிரைவருக்குப் பின்னால பச்சைச் சேலை கட்டி உக்காந்திருக்காள்லா, அவதான் எங்க வீட்டுல உள்ளவ. வடிவு. ஒண்ணாத்தான் போனோம், ஒண்ணாத்தான் வாறோம். சீட்டுதான் வேற வேற. சிங்கப்பூர்ல இருந்தே அப்படித்தான். ஊரு சுத்திப் பாக்கப் போன இடத்துல பொம்பளைக்கு என்ன கோவம்னு கேக்கீங்களா? எனக்கே தெரியாது. நான் அவளுக்குத் தினம் பூ வாங்கிக் கொடுத்தேன். அதுக்குக் கோவம். நம்புவீங்களா?

நான் பத்திர எழுத்தரு. கோமதிநாயகம்னு நாங்குநேரி ரிஜிஸ்தர் ஆபீஸ் பக்கம் வந்து யாருகிட்ட வேணும்னாலும் கேளுங்க. முப்பது வருசமா கிரயம், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம்னு எழுதி எழுதி விரல் காய்ச்சுப் போச்சு. அதனால எனக்கு ஒரு பழக்கம். பேப்பரைக் கடைசிப் பக்கத்துல இருந்துதான் படிப்பேன். முன்பக்கத்துல எவன் ஆட்சிக்கு வந்தா எனக்கென்ன? கடைசிப் பக்கத்துலதான் வரி விளம்பரம். அதுலதான் ஊரு உலகத்தோட யோக்கியதை அத்தனையும் கிடக்கு.

'பத்திரம் காணவில்லை'ன்னு ஒரு விளம்பரம் வருமே, பாத்திருப்பீங்க. "எங்கள் பூர்வீக வீட்டின் அசல் பத்திரம் பேருந்தில் பயணம் செய்தபோது தவறிவிட்டது, நகல் பெற இருப்பதால் ஆட்சேபணை உள்ளவர்கள் இத்தனை நாளுக்குள் தெரிவிக்கவும்." நானே எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கேன். எப்பவும் பஸ்ஸுலதான் தொலையும், கவனிச்சிருக்கீங்களா? இந்த நாட்டுல பஸ்ஸுல தொலைஞ்ச பத்திரத்தை எல்லாம் அடுக்கினா மகேந்திரகிரி மலை உசரத்துக்கு நிக்கும். நெசமாவே தொலைச்சவனும் இருக்கான், நான் இல்லைங்கலை. ஆனா பத்திரம் தம்பி பீரோவுல பத்திரமா இருக்கும். அண்ணன்காரன் தொலைஞ்சுபோச்சுன்னு விளம்பரம் போடுவான். தம்பி அன்னைக்குப் பேப்பர் பாக்கலைன்னா, நாள் கடந்துரும். அண்ணன்காரன் நகலை வாங்கி வீட்டைக் கிரயம் பண்ணிட்டுப் போயிருவான். இப்படி எத்தனை அண்ணன் தம்பியைப் பாத்திருக்கேன் தெரியுமா?

இப்ப என் கதைக்கு வாறேன். எங்க அப்பா கட்டின வீடு பெரிய தெருவுல இருக்கு. ரெண்டு பேருக்கும் பொது. அதுல குடியிருக்கது ஆவுடையப்பன். எனக்கு மூத்தவர். நான் ரெண்டு தெரு தள்ளி வேற வீடு கட்டிட்டேன். மூலப் பத்திரம் எங்கிட்ட. அம்மா சாகும்போது என் கையில கொடுத்தது. அந்த ஆளு தன் மக பகவதி கல்யாணத்துக்கு பேங்குல வைக்கணும்னு கேட்டாரு. நான் கொடுக்கலை. மூலப் பத்திரம் கைமாறக் கூடாது, அண்ணாச்சி. அது என் தொழில். ஊருக்கெல்லாம் புத்தி சொல்லுதவன் நான் மட்டும் ஏமாறணுமா? கல்யாணம் எப்படியோ நடந்துட்டு. நாங்க போகலை. அன்னையில இருந்து பேச்சு வார்த்தை கிடையாது. போன்ல அவர் நம்பரையும் பகவதி நம்பரையும் வராம அடைச்சு வச்சுட்டேன். வடிவு போன்லயும் எம் மக போன்லயும் அதே மாதிரி அடைச்சு, நம்பரையும் எடுத்துட்டேன்.

அந்த ஆளு சண்டை போட்டிருந்தாருன்னா எனக்குப் பயமே இல்லை. நாலு பேரு முன்னால பத்திரத்தைக் கொடுலேன்னு கேட்டிருக்கணும். கேக்கவே இல்லையே! கேக்காம இருக்கவனைத்தான் நம்பப்படாது. நாங்க கிளம்புறதுக்குக் கொஞ்ச நாளைக்கு முன்னால திடீர்னு என் ஆபீஸ் வாசலுக்கு வந்தாரு. வந்து பெஞ்சுல உக்காந்தாரு. ரொம்ப மெலிஞ்சு போயிருந்தாரு, சட்டை தோள்ல நிக்கலை. என்ன விசயம்னு கேட்டேன். "ஒண்ணுமில்லலே, சும்மா பாக்கலாம்னு வந்தேன்"னாரு. பானையில தண்ணி மோந்து குடிச்சாரு. நான் எழுதுறதையே பாத்துக்கிட்டு இருந்தாரு. போய்ட்டாரு. பத்திரத்தைப் பத்தி ஒரு வார்த்தை? ம்ஹும். அப்பவே எனக்குப் பொறி தட்டிட்டு. ஆளு நோட்டம் பாக்க வந்திருக்காரு.

இந்த நேரம் பாத்துத்தான் எம் மக சுபா, பெங்களூர்ல இருக்கா, சிங்கப்பூருக்கு டிக்கெட் எடுத்துட்டேன்னு நிக்கா. நான் வரலைன்னேன். வடிவு விடலை. சரின்னு ஒரு ஏற்பாடு பண்ணினேன். நாங்க ஊர்ல இல்லைங்கது ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக்கூடாது. வாசல் லைட்டை எரியவிட்டேன். கொடியில ரெண்டு வேட்டியையும் வடிவு சேலை ஒண்ணையும் காயப்போட்டேன். பேப்பர் போடுறவன்கிட்டக் கூட நிப்பாட்டச் சொல்லலை, சன்னல் வழியா உள்ள போடுன்னு சொல்லிட்டேன். விடியக்காலம் முதல் பஸ்ஸுல ஏறிட்டோம். பழைய சிம் கார்டைக் கழட்டி பீரோவுல வச்சுட்டேன். எப்படி நம்ம ஏற்பாடு?

எல்லாம் சரி. ஏரோப்பிளேன்ல ஏறி உக்காந்ததும் உறைக்கி. பேப்பர்! நான் ஊர்ல இருந்தா விளம்பரம் வந்த அன்னைக்கே ஆட்சேபணை எழுதிருவேன். அங்க போய்ட்டா எப்படிப் பாப்பேன்? வடிவு சொன்னா, "வந்து சேத்து வச்சுப் பாத்துக்கிடலாம்"னு. வந்து பாக்கும்போது வீடு எவன் பேருலயாவது இருக்கும், அப்ப என்ன செய்ய?

சிங்கப்பூர் எப்படி இருந்துதுன்னு கேக்கீங்களா? சுத்தமா இருந்துது. அவ்வளவுதான் சொல்ல முடியும். மீன் காட்சி பாக்கக் கூட்டிட்டுப் போனாங்க. தலைக்கு மேல சுறா நீந்துது. நான் அங்க வேலை பாத்த தமிழ்ப் பொண்ணுகிட்ட, "இங்க நெல்லைப் பதிப்பு எங்கம்மா கிடைக்கும்?"னு கேட்டேன். அது சுறா பேரைக் கேக்கேன்னு நினைச்சு போர்டைக் காட்டுது. சிராங்கூன் ரோட்டுல கடை கடையா ஏறினேன். ஊர்ப் பேப்பர் இருக்கு, இல்லாம இல்ல. எல்லாம் சென்னைப் பதிப்பு. சென்னையில எவன் பத்திரம் தொலைஞ்சா எனக்கென்ன? சுபா போன்ல காசு கட்டிப் பேப்பரைத் திறந்து காட்டினா. அதுல செய்தியெல்லாம் வருது. நெல்லைக்கும் குமரிக்கும் சேத்துத் தனியா ஒரு வரி விளம்பரப் பக்கம் போடுவாங்கள்லா, அது மட்டும் இல்ல. மருமகப்பிள்ளை ஒருநாள் கேட்டே கேட்டுட்டாரு, "மாமா, நீங்க சுத்திப் பாக்க வந்தீங்களா, பேப்பர் பாக்க வந்தீங்களா?"ன்னு. அவருக்குத் தம்பியும் கிடையாது, அண்ணனும் கிடையாது. அவருக்கு எங்க தெரியப்போகுது?

அப்பத்தான் ஒருநாள் தேக்கா மார்க்கெட் பக்கம் ஒரு பூக்கடை. அந்தம்மா தெர்மகோல் பெட்டியை உடைச்சு மல்லிப் பூவை எடுத்து வைக்கா. பூவைச் சுத்தி ஈரப் பேப்பர். கண்ணை ஓட்டினேன். 'பணகுடியில் மின்தடை'ன்னு போட்டிருக்கு! எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. நம்ம தோவாளைப் பூ, அண்ணாச்சி! திருவனந்தபுரத்துல இருந்து ஏரோப்பிளேன்ல வருதாம். மடிக்கிறது நம்ம பக்கத்துப் பேப்பர். வேற எங்கயும் கிடைக்காத நெல்லைப் பதிப்பு பூவுக்கு அடியில கிடக்கு.

சும்மா பேப்பரை மட்டும் கேட்டா நல்லாவா இருக்கும்? ஒரு முழம் பூ வாங்கினேன், பேப்பரோட. மறுநாளும் வாங்கினேன். வடிவுக்கு ஆச்சரியம். நான் அவளுக்குப் பூ வாங்கிக் கொடுத்ததே கிடையாதுன்னு அவ சொல்லுவா, எனக்கு ஞாபகம் இல்ல. தலை நிறைய வச்சுக்கிட்டா. சுபாகிட்ட, "ஒங்க அப்பா கடல் தாண்டி வந்துதான் மனுசனாயிருக்காரு"ன்னு சொல்லிச் சிரிக்கா. கண்ணாடி பாக்கா, போட்டோ எடுக்கச் சொல்லுதா. நான் குளிக்கிற ரூமுக்குள்ள போய் ஈரப் பேப்பரைச் சுவத்துல ஒட்டிக் காயவச்சுப் படிச்சுக்கிட்டு இருக்கேன். மூணாம் நாளோ நாலாம் நாளோ கதவைத் திறந்து பாத்துட்டா. சுவரு பூரா பேப்பரு. தலையில இருந்த பூவை எடுத்து வாஷ்பேசின்ல வச்சா. "இதையும் நீங்களே வச்சுக்கிடுங்க"ன்னா. நான் என்ன தப்பாக் கொடுத்தேன்? பூ பூதானே?

விடுங்க. அது ஆரல்வாய்மொழி காத்தாடி, கரண்டு எடுக்கது. காத்து இப்படி அடிச்சா பஸ்ஸு ஆடத்தான் செய்யும்.

மறுநாள் போனேன். இப்ப வடிவுக்குன்னு சொல்ல முடியாது, அந்தம்மாகிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். நல்ல பொம்பளை. "அதுக்கு என்னாண்ணே, பெட்டியை உடைக்கிற நேரத்துக்கு வாங்க, எல்லாப் பேப்பரையும் பாத்துக்குங்க"ன்னா. ஒண்ணொண்ணா விரிச்சேன். கடைசிப் பக்கம் கிடைச்சுது. வரி விளம்பரம். வீடு வாடகைக்கு, டிரைவர் தேவை, எருமை விற்பனைக்கு. அதுக்குக் கீழ எம் பேரு.

எம் பேருதான். 'நாங்குநேரி பத்திர எழுத்தர் சு.கோமதிநாயகம் அவர்களுக்கு'ன்னு தடிச்ச எழுத்துல. அதுக்குக் கீழ: 'சித்தப்பா, அப்பாவுக்கு உடல்நலம் சரியில்லை. தங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். எங்கிருந்தாலும் உடனே வரவும். பகவதி.'

நான் பத்திரம் காணோம்னு இருக்கும்னு தேடிப் போனேன், அண்ணாச்சி. ஆளைக் காணோம்னு போட்டிருக்காங்க. காணாமப் போன ஆளு நான்.

பூக்கடைக்காரம்மாவும் எட்டிப் படிச்சுட்டா. "அண்ணே, உடனே போன் போடுங்க"ன்னா. நான் சொன்னேன், "ஒங்களுக்கு இந்த வித்தையெல்லாம் தெரியாதும்மா. வரவழைச்சுக் கையெழுத்து வாங்குற ஏற்பாடு இது"ன்னு. சொல்லிக்கிட்டே சட்டைப் பித்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கிட்டேன். ஏசி. அந்த ஊர்ல எங்க பாத்தாலும் ஏசி. அடுத்த பெட்டியையும் உடைங்கன்னேன். அவளுக்கு அன்னைக்கு அத்தனை பூ வேண்டாம், இருந்தாலும் உடைச்சா. அதுல அதுக்கு மறுநாள் பேப்பர் இருந்துது. அதே இடம், அதே எம் பேரு. வார்த்தை மாறியிருக்கு. 'அப்பா கவலைக்கிடம்.' பாத்தீங்களா, ஒருதடவை எழுதிக் கொடுத்துட்டுப் பல நாளைக்குப் போடச் சொன்னது இல்ல. தினம் போய் எழுதிக் கொடுக்காங்க.

விடிஞ்சதும் கடை திறக்குறதுக்கு முன்னால போய் நின்னேன். பெட்டி வந்துது. உடைச்சா, உள்ள பூரா மலையாளப் பேப்பர். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. ஒரு எழுத்துப் படிக்கத் தெரியலை. போட்டோ போட்டோவாப் பாக்கேன், எவனெவனோ செத்துக் கிடக்கான். அதுல அந்த ஆளு இருக்கமாட்டாருன்னு தெரியும், இருந்தாலும் ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்தேன். ரூமுக்குப் போய் சுபாகிட்ட டிக்கெட்டை மாத்தும்மான்னு சொன்னேன். சுபாவும் மருமகப்பிள்ளையும் இன்னும் அங்கதான் இருக்காங்க.

போன் போட்டிருக்கலாமேன்னு நினைக்கீங்க. எல்லாரும் அதைத்தான் சொல்லுதாங்க. வடிவு பேசுனது அதுக்கு மட்டும்தான், "நம்பரைச் சொல்லுங்க, நான் பேசுதேன்"னு. எனக்கு ஞாபகம் இல்லைன்னுட்டேன். ஞாபகம் இருக்கு. மறக்குற நம்பரா அது? ஆனா போன் போட்டா என்ன கேக்கணும்? இருக்காரான்னு கேக்கணும். அந்தப் பிள்ளை பகவதி ஒரு வார்த்தையில பதில் சொல்லிரும். பேப்பருன்னா நாம திறந்தாத்தான் சொல்லும். மடியில வச்சுக்கிட்டு இருக்கலாம், நீங்க வச்சிருக்க மாதிரி.

ஒண்ணு யோசிச்சேன், ஏரோப்பிளேன்ல வரும்போது. பகவதி முதல்ல வீட்டுக்கு வந்திருக்கும்லா? கண்டிப்பா வந்திருக்கும். வாசல் லைட்டு எரியுது. கொடியில வேட்டி கிடக்கு. கதவைத் தட்டியிருக்கும். சித்தப்பா உள்ள இருந்துக்கிட்டே திறக்கலைன்னு நினைச்சிருக்கும். அப்பா சாகக் கிடக்காரு, அப்பவும் திறக்கலைன்னு. போய் அந்த ஆளுகிட்ட சொல்லியிருக்கும். அவருதான் சொல்லியிருப்பாரு, பேப்பர்ல போடுன்னு. அவரைத் தவிர வேற யாருக்குத் தெரியும் நான் கடைசிப் பக்கத்துல இருந்து படிக்கது?

அந்தப் பழக்கம் ரிஜிஸ்தர் ஆபீஸ்ல வந்ததுன்னு ஒங்ககிட்டச் சொன்னேன்லா. இல்ல. சின்னப் பிள்ளையில வீட்டுக்கு ஒரு பேப்பர்தான். அவரு விரிச்சுப் பிடிச்சு முன்பக்கத்தைப் படிப்பாரு. நான் எதுத்தாப்புல உக்காந்து கடைசிப் பக்கத்தைப் படிப்பேன். நான் முடிக்கிற வரைக்கும் கையைக் கீழ இறக்கமாட்டாரு. "முடிச்சிட்டியாலே?"ன்னு பேப்பருக்கு அந்தப் பக்கத்துல இருந்து கேப்பாரு. மூஞ்சி தெரியாது.

என்னமோ பேச்சு எங்கயோ போகுது. இதுவும் தந்திரமா இருக்கும்னு என் தொழில் புத்தி இன்னும் சொல்லத்தான் செய்யுது. போனதும் பகவதி ஒரு பேப்பரை நீட்டும், சித்தப்பா இதுல ஒரு கையெழுத்துன்னு. நீட்டட்டும். எங்க வேணும்னாலும் போடுதேன். பத்திரத்தையே எடுத்துக் கொடுத்துருதேன், பீரோ சாவி இந்தா இடுப்புல இருக்கு. அவரு கேக்கட்டும். அவரு வாயைத் திறந்து கேக்கணும், அவ்வளவுதான்.

வள்ளியூர் வந்துட்டா? இவ்வளவு சீக்கிரமா?

அண்ணாச்சி. ஒரு உதவி. அந்தப் பேப்பரைக் கொஞ்சம் திறங்க. இல்ல, எங்கிட்டத் தராதீங்க, நீங்களே பாருங்க. எனக்குக் கண்ணாடி பெட்டிக்குள்ள இருக்கு. கண்ணீர் அஞ்சலிப் பக்கம் வேண்டாம். அதைப் புரட்டாதீங்க. நேரா வரி விளம்பரத்துக்குப் போங்க. எம் பேரு இருக்கான்னு மட்டும் பாருங்க. இருந்துச்சுன்னா ஆளு இருக்காரு. செத்தவருக்காக எவனும் உடனே வான்னு வரி விளம்பரம் போடமாட்டான், அது வேற பக்கத்துல, வேற கட்டத்துல, போட்டோவோட வரும். முப்பது வருசமாப் படிக்கேன்லா, எனக்குத் தெரியாதா?

மேல பாருங்க. டிரைவர் தேவைக்குக் கீழ. இல்லையா? அடுத்த வரிசை பாருங்க. மெதுவாப் பாருங்க, ஒண்ணும் அவசரம் இல்ல.

இருக்கா? எங்க? இருக்கா! படிங்க. சத்தமாவே படிங்க, பரவாயில்ல.

'அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம்.' அப்படியா போட்டிருக்கு? இன்னொரு தடவை படிங்க. 'அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். சித்தப்பா, எங்கிருந்தாலும் உடனே வரவும்.'

வீட்டுக்குக் கொண்டாந்துட்டாங்களாம், கேட்டீங்களா! அப்ப குணமாயிட்டுன்னுதானே அர்த்தம்? ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னா குணமாயிட்டுன்னுதானே? சொல்லுங்க அண்ணாச்சி. ஏன் என் மூஞ்சியையே பாக்கீங்க? வடிவு, ஏ வடிவு! இங்க பாரு, அண்ணனை வீட்டுக்குக் கொண்டாந்துட்டாங்களாம்! பேப்பர்ல போட்டிருக்கு! நீ எதுக்கு அழுத? நல்ல செய்திதானே சொல்லுதேன்?

அழுதா பாருங்க. பொம்பளைக்கு எதுக்கு அழணும்னு தெரியாது.

கொஞ்சம் காலை மடக்குங்க, நான் அந்தப் பக்கம் போறேன். நாங்குநேரிக்கு இன்னும் தூரம் இருக்குன்னு எனக்கும் தெரியும். இருக்கட்டும், நான் போய்ப் படிக்கட்டுல நிக்கேன். முழங்கால் எல்லாம் ஒண்ணும் வலிக்கலை. பஸ் நின்னதும் முதல் ஆளா இறங்கணும். கண்டக்டர் தம்பி, பெரிய தெரு முக்குல ஒரு நிமிசம் நிப்பாட்டச் சொல்லுங்க. எங்க அண்ணன் வீட்டுல இருக்காரு.